சுடும் கூரையின் கீழே யார்?

(மரக்காணம் கடற்கரை வட்டாரத்தில், இடையஞ்சாவடியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

இயக்க மேடை என்றால் இடஒதுக்கீடு பற்றிப் பேசுவார்கள், தேர்தல் பற்றிப் பேசுவார்கள், சிறையில் வாடும் சகோதரர்கள் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவையெல்லாம் பேச வேண்டியவைதாம். ஆனால் இன்று நான் உங்கள் கவனத்தை வேறோர் இடத்துக்கு இழுக்கப் போகிறேன். உங்கள் தலைக்கு மேலே, ஏழையின் தலைக்கு மேலே இருக்கும் கூரைக்கு!

கூரை ஒரு சமுதாயப் பிரச்சினையா? கூரையை வைத்து ஓர் அரசியல் உண்டா? உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பகலிலும் வெயில், இரவிலும் வெயில்

இந்த இடையஞ்சாவடியிலிருந்து கிழக்கே இறங்கிக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம். சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். பக்கத்தில் கழுவெளி ஏரி. உப்பு விளைய என்ன வேண்டும்? வெயில் வேண்டும். எவ்வளவு கடுமையான வெயிலோ அவ்வளவு நல்ல விளைச்சல். மற்றத் தொழிலாளி வெயில் தணியட்டும் என்று வேண்டுவான். உப்பளத் தொழிலாளி மட்டும் வெயில் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அதே வெயிலில் நின்று கருகுகிறான். மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் உடல் தாங்கக்கூடிய வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைக்கிறார்கள் என்று கண்டார்கள். நீர்ச்சத்து குறைந்து, சிறுநீரகம் பழுதாகும் அறிகுறிகளையும் சிலரிடம் கண்டார்கள்.

இது பகல் கதை. இரவுக் கதை என்ன? பகலெல்லாம் சூடேறிய உடம்புக்கு இரவில் ஆறுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் வீடு. ஆனால் அவர் திரும்பும் வீடு எது? சிமெண்ட் ஷீட்டு போட்ட ஓர் அறை. அல்லது அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. மேலே மொட்டைக் கான்கிரீட். காலையிலிருந்து மாலை வரை அந்தக் கான்கிரீட் வெயிலைக் குடிக்கிறது. சில மணி நேரம் கழித்து, மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், குடித்த வெயிலையெல்லாம் வீட்டுக்குள்ளே கக்குகிறது. மின்விசிறியைப் போட்டால் மேலேயுள்ள அனலை அள்ளிக் கீழே இறைக்கிறது. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வையும் காயாது. உடம்பு ஆறுவதற்குள் மறுநாள் பொழுது விடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஆண்களாகிய நாம் பகலில் கடைத்தெருவில் இருக்கிறோம், தொழுகை நேரத்தில் பள்ளிவாசலில் இருக்கிறோம். இரவில் தாங்க முடியாவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ போய்விடுகிறோம். வீட்டிலுள்ள பெண்கள் எங்கே போவார்கள்? கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய், நிறைமாதக் கர்ப்பிணி, படுக்கையில் கிடக்கும் முதியவர் ஆகியோர் எங்கே போவார்கள்? அடுப்பு எரியும் அதே அறையில், அதே கூரையின் கீழே, இருபத்து நான்கு மணி நேரமும் கிடக்கிறார்கள். சுடும் கூரையின் கீழே யார் என்று கேட்டால், முதல் பதில் நம் வீட்டுப் பெண்கள்!

கணக்கில் வராத வெப்பம்

அரசாங்கம் ஏழைக்கு வீடு கட்டித் தரவில்லையா? தந்தது. மறுக்கக் கூடாது. 1985ல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. நாம் தொகுப்பு வீடு என்று சொல்கிறோமே, அவற்றில் பல இந்தத் திட்டத்தில் வந்தவை. 2010ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 21 லட்சம் குடிசைகள் இலக்கு. 2011ல் முதலமைச்சரின் சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி, தொடக்கத்தில் 1.80 லட்சம் ரூபாய். 2016ல் மத்திய அரசின் பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம். 2024ல் கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று அறிவித்தார்கள்.

ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின, தொகை கூடியது. ஒன்று மட்டும் மாறவில்லை. எல்லாத் திட்டத்துக்கும் கான்கிரீட்தான் இலக்கு. கூரை ஒழுகக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது, புயலில் பறக்கக் கூடாது. இவை நியாயமான கவலைகள். 2011 டிசம்பரில் தானே புயலையும், 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயலையும் பார்த்த இந்தக் கடற்கரைக்காரர்களிடம் கீற்றுக் கூரைக்கே திரும்பிப் போங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே மனிதன் படுத்துத் தூங்க முடியுமா என்ற கேள்வி எந்தத் திட்டத்திலும் முதல் கேள்வியாக இருக்கவில்லை. பசுமை வீட்டில் சூரிய ஒளியில் எரியும் விளக்கு கொடுத்தார்கள். அதே சூரியன் கூரையைச் சுடுவதை யார் கவனித்தார்கள்?

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? பழைய வீடுகளின் தளத்தைப் போய்ப் பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். அந்தத் தளம் மழையையும் தடுத்தது, வெயிலையும் தடுத்தது. இன்றும் கொஞ்சம் வசதி உள்ளவர் வீடு கட்டினால் தளத்துக்கு மேலே இன்னொரு மாடி எழுப்புகிறார், அல்லது ஓடு பதிக்கிறார், அல்லது குளிர்ச்சி தரும் வெள்ளை ஓடு போடுகிறார். ஏழையின் வீட்டில் பணம் தளம் போடும்போதே தீர்ந்துவிடுகிறது. மேலே போட வேண்டியதைப் போடாமலே வீடு முடிந்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது.

இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன், வணிகர்களே, உங்களுக்குக் கணக்கு நன்றாகப் புரியும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏழை வாழ்வதற்கு வீட்டுக்கு 3.50 லட்சம். வெயிலில் செத்தால் 4 லட்சம். அந்த 300 சதுர அடித் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க எவ்வளவு ஆகும்? சில மூட்டைச் சுண்ணாம்பும் இரண்டு ஆள் கூலியும்! செத்த பிறகு கொடுக்கும் தொகையில் எத்தனை கூரைகளைக் குளிர்விக்கலாம்? நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

உலகம் என்ன செய்தது?

ஏழையின் வீட்டைக் காலநிலையிலிருந்து காப்பது அரசாங்கத்தின் செலவு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டு அரை நூற்றாண்டு ஆகிறது. குளிர் நாடுகளில் பிரச்சினை தலைகீழ். அங்கே வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே ஓடிவிடும். பணக்காரன் எரிபொருள் வாங்கிக் கொளுத்துவான், ஏழை விறைத்துச் சாவான். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்கா 1976ல் குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளுக்கு அரசு செலவில் வெப்பக் காப்பு செய்து தரும் திட்டத்தைத் தொடங்கியது. பரணிலும் சுவரிலும் பஞ்சு போன்ற காப்புப் பொருளை அடைத்து, கதவு ஜன்னல் இடுக்குகளை மூடித் தருவார்கள். இங்கிலாந்தில் 2000 முதல் 2013 வரை இதே போன்ற ஒரு திட்டம் நடந்தது. இருபது லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் பயன்பெற்றன.

நமக்கு அந்தப் பஞ்சு தேவையில்லை. தத்துவம் ஒன்றுதான். அங்கே சூடு வெளியே போகாமல் தடுக்க வேண்டும், இங்கே சூடு உள்ளே வராமல் தடுக்க வேண்டும். இங்கே வெயில் அதிகம் நுழையும் வாசல் கூரைதான். கூரையை வெள்ளையாக்கினால் வெயிலில் பெரும்பகுதி பட்ட இடத்திலிருந்தே திரும்பிப் போய்விடும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்கிறார்கள். ஐந்து டிகிரி என்பது ஏதோ சின்ன எண் அல்ல. காய்ச்சல் வந்தவனுக்கும் நலமாக இருப்பவனுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எத்தனை டிகிரி?

நம் நாட்டில் இதற்கு வழிகாட்டிய ஊர் அகமதாபாத். 2010 மே மாத வெப்ப அலையில் அந்த நகரத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள். அதன் பிறகு 2013ல் தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தை அந்த மாநகராட்சி வகுத்தது. குடிசைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான கூரைகளுக்கு வெள்ளையடித்தார்கள். 2002ல் நம் சகோதரர்களின் வீடுகள் எரிக்கப்பட்ட நகரம் அது. அந்தக் காயம் ஆறாது. ஆனாலும் நல்லது எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர் கூரைக் கொள்கையை வெளியிட்டது. 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் குளிர் கூரை இலக்கு. தமிழ்நாட்டில் சென்னை பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் சோதனை முறையில் செய்தார்கள். அரசுப் பள்ளிகளிலும் குளிர் கூரை அமைக்கிறார்கள். இந்தப் பணிகளில் முன்நின்ற அதிகாரி சுப்ரியா சாஹூவுக்கு 2025ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு விருது வழங்கியது. ஆக, அரசாங்கத்துக்கு இது தெரியாத விஷயம் அல்ல. தெரிந்த விஷயம், விருது வாங்கிய விஷயம்! சென்னைக்கு வந்தது மரக்காணத்துக்கு ஏன் வரக்கூடாது என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018ல் கொண்டுவந்த ஆற்றல் சேமிப்பு விதிகள் யாருக்குப் பொருந்தும்? 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. தெலங்கானாவில் வீடுகளுக்குக் குளிர் கூரை எப்போது கட்டாயம்? 600 சதுர கஜத்துக்குக் குறையாத மனை என்றால். ஏழைக்குக் கட்டாயம் விதிக்காதது சரிதான், அவனால் செலவு செய்ய முடியாது. ஆனால் கட்டாயம் இல்லாதவனுக்கு உதவியாவது கட்டாயம் இருக்க வேண்டாமா? சட்டமும் இல்லை, உதவியும் இல்லை என்றால் அவன் வெயிலில் நிற்க வேண்டியதுதானா?

காசு ஒதுக்கினால் போதுமா?

கோரிக்கை வைப்பதோடு நம் வேலை முடிவதில்லை, சகோதரர்களே. ஆஸ்திரேலியாவில் 2009ல் அவசர அவசரமாக வீடுகளுக்கு இலவச வெப்பக் காப்புத் திட்டம் கொண்டு வந்தார்கள். பயிற்சி இல்லாத இளைஞர்களைப் பரணில் ஏற்றினார்கள். நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் வெப்பம் தாங்காமல். 2010 பிப்ரவரியில் திட்டத்தையே நிறுத்தினார்கள். பின்னர் விசாரணை ஆணையம் வைத்தார்கள். போன உயிர் வந்ததா?

இங்கிலாந்திலும் பாருங்கள். பிற்காலத் திட்டங்களில் சுவர்களின் வெளிப்புறம் செய்த காப்பு வேலைகளில் 98 சதவீதம் திருத்தப்பட வேண்டிய குறைகள் உள்ளவை என்று 2025 அக்டோபரில் அந்நாட்டின் தேசிய தணிக்கை அலுவலகமே சொன்னது. ஈரம் தேங்கி, சுவரில் பூஞ்சை படரும் நிலை. திட்டம் ஏழைக்கு, லாபம் ஒப்பந்தக்காரருக்கு! அங்கேயே அப்படி என்றால் இங்கே சொல்ல வேண்டுமா? ஆகவே பணம் வந்த பிறகு வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்க ஊரிலேயே ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் நீங்கள்தாம், இளைஞர்களே.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வெயிலைப் பொறுமையோடு தாங்கிக்கொள்வதுதானே ஈமான் என்று சிலர் கேட்கலாம். திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் 80, 81 வசனங்களைத் திறந்து பாருங்கள். வீட்டை நிம்மதி பெறும் இடமாக ஆக்கியதையும், நிழல்களை ஏற்படுத்தியதையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையையும் இறைவன் தன் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகிறான். நிழல் ஓர் அருட்கொடை. ஒரு மனிதனுக்கு அது கிடைக்காமல் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பொறுமை ஆகாது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் இருந்தார்கள். லுஹருக்குப் பாங்கு சொல்ல முஅத்தின் எழுந்தபோது, வெப்பம் தணியட்டும் என்று தாமதிக்கச் சொன்னார்கள். மணல் மேடுகளின் நிழல் விழும் வரை தாமதித்தார்கள். இதை அபூதர் (ரலி) அறிவிக்க புகாரியில் காண்கிறோம். தொழுகையைவிடப் பெரிய கடமை உண்டா? அந்தத் தொழுகையின் நேரத்தையே கடும் வெயிலுக்காகத் தள்ளி வைக்கச் சொன்ன மார்க்கம் இது!

அதே அபூதர் (ரலி) வழியாக வரும் இன்னொரு செய்தி. உங்களிடம் பணிபுரிவோர் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுப்பதிலிருந்து உடுக்கக் கொடுங்கள் என்பது அதன் கருத்து. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் சொந்த மஹல்லாவைப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் நம் கூரை

இப்போது சொல்லப் போவது கசக்கும். அரசாங்கத்தைக் கேட்கும் முன் நம்மை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பள்ளிவாசல்களுக்கு ஏ.சி. போடுகிறோம். ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறோம். தவறில்லை, தொழுகையாளிகளுக்கு வசதி. ஆனால் அந்தப் பள்ளியில் ஐந்து வேளை பாங்கு சொல்லும் மோதினார் எங்கே தங்கியிருக்கிறார்? எத்தனை ஊர்களில் பள்ளிக்குப் பின்னால், ஹவுளுக்குப் பக்கத்தில், ஷீட்டு போட்ட ஓர் அறையில்! பேஷ் இமாம் பிள்ளைகளோடு எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார்? ஜும்ஆ மேடையில் அவர் குளிர்ச்சியாக நிற்பது அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அவர் எங்கே இருக்கிறார் என்று எந்த நிர்வாகக் கமிட்டி கேட்டது?

வணிகப் பெருமக்களே! உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையன்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள்? தகர ஷீட்டு போட்ட கிடங்கில், மூட்டைகளுக்கு நடுவில். சரக்கு கெட்டுவிடக் கூடாது என்று சில பொருட்களைக் குளிர்ந்த இடத்தில் வைக்கிறோம். சரக்குக்குக் காட்டும் அக்கறை ஆளுக்கு வேண்டாமா? வரிசை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களே! மாதம் பிறந்தால் வாடகை வாங்கப் போகிறீர்கள். ஒருமுறை பகல் இரண்டு மணிக்குப் போய் அந்த ஷீட்டுக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு வாடகையை வாங்குங்கள்.

வக்ஃபு திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2025ல் நாம் வீதிக்கு வந்தோம். வர வேண்டியதுதான், அது நம் உரிமை. ஆனால் நம் வக்ஃபு வீடுகளில் குடியிருக்கும் ஏழைகளின் கூரையை நாம் எப்போது பார்த்தோம்? வக்ஃபு செய்த புண்ணியவான்கள் சொத்தை யாருக்காக விட்டுச் சென்றார்கள்? சொத்தைக் காப்பது ஒரு பாதி, அந்தச் சொத்தின் பலன் ஏழையைச் சேர்வது மறு பாதி. மறு பாதியை விட்டுவிட்டு முதல் பாதிக்கு மட்டும் கோஷம் போட்டால் போதாது.

செய்ய வேண்டியவை

ஏக்கப் பெருமூச்சு விட்டுக் கலைந்து போக இந்தக் கூட்டம் கூட்டப்படவில்லை. ஆகவே காரியத்துக்கு வருவோம்.

முதலாவது, கணக்கெடுங்கள். இளைஞர்கள் மஹல்லாவுக்கு நான்கு பேர் சேருங்கள். எத்தனை ஷீட்டு வீடு, எத்தனை தொகுப்பு வீடு, எத்தனை கிடங்கில் ஆள் தங்குகிறார், எந்த வீட்டில் நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளிவாசல் தெருவோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த தெருவையும், காலனியையும், மீனவர் குப்பத்தையும் எழுதுங்கள். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவன் முஃமின் அல்லன் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அண்டை வீட்டார் என்றால் எந்த மதத்தவர் என்று அதில் கேட்கப்படவில்லை. உப்பளத்திலும் கடலிலும் உழைக்கும் அந்த மக்கள்தாம் உங்கள் கடைகளின் வாடிக்கையாளர்கள். அவர்கள் கொடுத்த காசில்தான் நம் கடைகள் நிற்கின்றன.

இரண்டாவது, கோடை வருமுன் சுண்ணாம்பு அடியுங்கள். தை பிறந்ததும், மழை விட்டதும் தொடங்குங்கள். கான்கிரீட் தளம் என்றால் நன்றாகப் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடியுங்கள். நம் கடற்கரையின் கிளிஞ்சல் சுண்ணாம்பே போதும். வசதி உள்ளவர்கள் இதற்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சையோ வெள்ளை ஓட்டையோ போடுங்கள். அது நீடித்து நிற்கும். சுண்ணாம்பு மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். அதுவும் நல்லதுதான், ஆண்டுதோறும் அந்த வீட்டைப் போய்ப் பார்ப்பீர்கள் அல்லவா? ஷீட்டு வீடு என்றால் வெள்ளையடிப்பதோடு, உள்ளே கொஞ்சம் இடைவெளி விட்டு ஓலைப் பாயாலோ மூங்கில் தட்டியாலோ ஓர் உட்கூரை கட்டினால் இன்னும் தணியும். அடுப்புக்கு மேலே மட்டும் கட்டாதீர்கள், தீ விபத்து நேரும்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் இறந்த நான்கு பேரை மறந்துவிடாதீர்கள். சிமெண்ட் ஷீட்டின் மேல் காலை வைக்காதீர்கள், உடைந்து விழுவீர்கள். ஏணியும் குறுக்குப் பலகையும் போட்டு வேலை செய்யுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டாதீர்கள், துளையிடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கிப் புற்றுநோய் தரும். கூரையோரம் போகும் மின்கம்பியைப் பாருங்கள், மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி அணியுங்கள். காலை எட்டு மணிக்குள் தொடங்கி வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்.

மூன்றாவது, பணம். ஸகாத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று குர்ஆன் எட்டுப் பிரிவினரைக் குறித்துவிட்டது. எனவே ஊர்ப் பொதுவான இந்தப் பணிக்கு ஸகாத் நிதியைக் கலக்க வேண்டாம். பைத்துல்மாலில் ஸதகா நிதியாகத் தனிக் கணக்கு வையுங்கள். வரவு செலவை ஜும்ஆவுக்குப் பின் பலகையில் ஒட்டுங்கள். வணிகப் பெருமக்களுக்கு உஸ்மான் (ரலி) அவர்களின் முன்மாதிரி போதாதா? மதீனாவில் தண்ணீருக்குத் தவித்தபோது ரூமா கிணற்றைத் தம் பணத்தில் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அவர்களும் ஒரு வணிகர்தாம். அன்று தாகத்துக்குத் தண்ணீர், இன்று வெயிலுக்கு நிழல்.

நான்காவது, அரசாங்கத்தை விடாதீர்கள். நாம் பத்து வீட்டுக்கு அடிப்போம், நூறு வீட்டுக்கு அடிப்போம். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அரசாங்கத்தால்தான் முடியும். மே 1 அன்று தமிழ்நாடெங்கும் கிராம சபை கூடுகிறது. கோடை உச்சியில் கூடும் சபை அது. உங்கள் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தீர்மானம் போடச் சொல்லுங்கள். கோட்டக்குப்பம் போல நகராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

என்ன கேட்பது? தெளிவாக மூன்று கேளுங்கள். ஒன்று, அரசு கட்டித் தரும் எந்த வீடாக இருந்தாலும், தளத்தின் மேல் வெப்பத் தடுப்பு போடும் செலவு மதிப்பீட்டிலேயே சேர்க்கப்பட வேண்டும். ஏழை தன் கையிலிருந்து போட முடியாது. இரண்டு, 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட 2.50 லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்ப்பதாக 2024ல் அறிவித்தார்கள். அப்படிப் பழுது பார்க்கும் ஒவ்வொரு வீட்டின் கூரைக்கும் வெள்ளைப் பூச்சு சேர்க்கப்பட வேண்டும். ஆள் ஏறியாகிவிட்டது, ஏணி போட்டாகிவிட்டது. இன்னும் ஒரு நாள் கூலியில் முடியும் வேலை அது. மூன்று, உப்பளத் தொழிலாளர், மீனவர் குடியிருப்புகளுக்கு இதில் முன்னுரிமை வேண்டும். பகலில் வெயிலில் உழைப்பவனுக்குத்தான் இரவில் குளிர்ச்சி முதலில் தேவை.

இந்த இடையஞ்சாவடிக்குப் பக்கத்திலேயே ஆரோவில் மண் நிறுவனம் இருக்கிறது. அழுத்திய மண் கற்களால் வீடு கட்டும் முறையைக் கற்க உலகின் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். நம் இளைஞர்களில் கொத்தனார் வேலை தெரிந்தவர்கள், கட்டடப் படிப்பு படிப்பவர்கள் இருக்கிறீர்கள். வாசலில் இருக்கும் படிப்பை ஏன் விடுகிறீர்கள்?

"நாமே செய்துவிட்டால் அரசாங்கம் கை கழுவிவிடாதா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. சும்மா கோரிக்கை மனு கொடுப்பவனை எந்த அலுவலகமும் "பார்க்கலாம்" என்று அனுப்பிவிடும். "ஐயா, எங்கள் கைக்காசில் முப்பது வீட்டுக்குச் செய்து காட்டியிருக்கிறோம், இதோ கணக்கு, வந்து பாருங்கள், மீதி உங்கள் பொறுப்பு" என்று சொல்பவனை அப்படி அனுப்ப முடியாது. செய்து காட்டியவனின் கோரிக்கைக்குக் கனம் உண்டு. எப்போதும் கையேந்தும் சமுதாயம் என்று நம்மைச் சொல்கிறார்கள் அல்லவா? கொடுக்கவும் தெரிந்த சமுதாயம், கேட்கவும் தெரிந்த சமுதாயம் என்று காட்டுவோம்.

இன்னொரு சகோதரர், "எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்கச் சுண்ணாம்பு அடிப்பதா இயக்கத்தின் வேலை?" என்றார். சகோதரரே, இரவெல்லாம் தூக்கமில்லாமல் புரளும் பிள்ளை காலையில் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பான்? படிக்காதவனுக்கு இடஒதுக்கீடு வாங்கி என்ன பயன்? எல்லாம் ஒரே சங்கிலிதான். ஏழையின் வீட்டிலிருந்து தொடங்காத அரசியல் எங்கே போய்ச் சேரும்?

எந்த நிழலும் இல்லாத மறுமை நாளில் ஏழு வகையினருக்கு அல்லாஹ் தன் நிழலைத் தருவான் என்ற நபிமொழியை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் தர்மம் செய்தவரும் அவர்களில் ஒருவர். அந்த நாளின் நிழலை விரும்புகிற நாம் இந்த உலகில் யாருக்கேனும் நிழல் கொடுத்திருக்கிறோமா என்று யோசிப்போம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்கு ஓடாமல் உங்கள் பள்ளியின் பின்பக்கம் போங்கள். மோதினாரின் அறையைப் பாருங்கள். முதல் சுண்ணாம்பு வாளி அங்கே இறங்கட்டும்.

வல்ல இறைவன் நம் எண்ணங்களைத் தூய்மையாக்குவானாக! ஏழைகளின் இல்லங்களை நிம்மதி தரும் இல்லங்களாக ஆக்குவானாக! சொன்னதைச் செய்யும் நல்லோராக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.